நூற்றுக்குப் பத்து

அத்தியாயம் 7

செத்த ஆளைப் பற்றி விசாரிக்கப் பெட்ரோல் செலவழிக்கிறவர்கள் உண்டு. செத்த காகிதத்தைப் பற்றி விசாரிக்க நாகர்கோவிலிலிருந்து கிளம்பி வந்த பைத்தியங்கள் நாம் ரெண்டு பேர்தான் என்று சுயம்புராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரை ஓட்டியது ஆதிரா.

துப்பறியும் தொழிலில் அவள் முதலாளி, இவர் உதவியாளர். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, பேச்சு குறைவு. இவர் ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் வெள்ளை நாமம், குறைவு என்ற சொல்லை அறியாத வாய். இருபது வருஷம் ஒரு சீட்டுக் கம்பெனிக்கு வசூல் செய்தார். ஒருநாள் முதலாளியே ஓடிப்போக, வசூலிக்கப் போனவர் வீட்டுக்கே ஆட்கள் வசூலுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் சிரிப்புத்தான்.

புதுக்கடை சந்திப்பில் சாயாக்கடை முன்னால் வண்டி நின்றது.

"இன்னொருக்கா சொல்லுங்க அண்ணாச்சி. நம்ம கையில என்ன இருக்கு?"

"ஒரு பிணம், ஒரு ஜெயில், ஒரு திவாலான நாடு," என்றார் சுயம்புராஜ். "பிணம் ததேயுஸ். ஜெயில்ல கெடக்கது ரெனிஷ். நாடு இலங்கை. பொன்னால கட்டின ஊருன்னு சின்னதுல இருந்து கேட்டிருக்கேன். அடகு வச்ச பொன்னுன்னு ஒருத்தரும் சொல்லல."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அவ்வளவுதான். இனயத்துக்காரரான ததேயுஸ் பஹ்ரைனில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஊராரின் பணத்தைச் சேர்த்து இலங்கை அரசின் டாலர் கடன்பத்திரங்களை வாங்கினார். தனியாள் ஏமாற்றலாம், ஒரு நாடே கையெழுத்துப் போட்டு வாங்கும் கடன் எங்கே போய்விடும் என்று அவர் சொன்னதை அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. குவைத்தில் நர்ஸாக இருக்கிறவர்கள், விசைப்படகில் போகிறவர்கள், தலைச்சுமையாக மீன் விற்கிறவர்கள் எல்லோரும் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ததேயுஸ் ஒரு கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைக் கொண்டு வருகிறவருக்குப் பணம் என்பது பேச்சு.

2022 ஏப்ரலில் இலங்கை கைவிரித்தது. வெளிநாட்டுக் கடன் எதையும் இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. வட்டி நின்றது, அசல் நின்றது. மூன்று வருஷம் ததேயுஸ் ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே வசவு வாங்கிக்கொண்டு நடமாடினார். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கடற்கரையில் வைத்து ரெனிஷ் அவர் சட்டையைப் பிடித்தான். மறுநாள் காலை, கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவாகப் போட்ட பாறைகளுக்கு நடுவே ததேயுஸ் மண்டை உடைந்து கிடந்தார்.

போலீசுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடைக்காது. ரெனிஷின் அப்பா ஒக்கிப் புயலில் கடலோடு போனவர். அவர் உயிருக்குக் கிடைத்த நிவாரணப் பணத்தில் ஐந்து லட்சம் அந்தப் பத்திரத்தில் போயிருந்தது. பணம் போன ஆத்திரம், அடி, கொலை. அடுத்த வாரம் குற்றப்பத்திரிகை. அதற்குள் வேறு ஆளைக் காட்டாவிட்டால் பையனின் வயசு சிறையிலேயே போய்விடும்.

ஜெயிலில் பார்த்தபோது ரெனிஷ் ஆதிராவிடம் ஒன்று சொன்னான். சட்டையைப் பிடித்த நேரத்தில் ததேயுஸ் கோபப்படவே இல்லையாம். "நாளைக்குப் பூசை கழிஞ்சு ஊருக்கு ஒரு காரியம் சொல்லுவேன், அதுவரைக்கும் பொறு மக்கா," என்றாராம். ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லப்போனார் போலும் என்று போலீஸ் அதை ஒதுக்கிவிட்டது.

"எனக்கு உறுத்துறது இந்தச் சீட்டுதான்," என்றாள் ஆதிரா. "நேத்து நாலு பேர்கிட்ட அதைக் காட்டச் சொன்னேன். ஒருத்தரு மழையில நனைஞ்சு போச்சுன்னாரு. ஒருத்தரு தொலைஞ்சு போச்சுன்னாரு. இன்னொருத்தரு எலி தின்னுட்டுன்னாரு. நாலாவது ஆளுக்கு ஞாபகமே இல்லையாம். லட்சக்கணக்குல போட்டவங்க அண்ணாச்சி. போன பணத்துக்குச் சீட்டு வச்சிருக்கவன் அதை எடுத்து எடுத்துப் பார்த்து அழுவான். இப்படித் தொலைக்க மாட்டான்."

"இனயத்து எலிக்கு டாலர் ருசி எப்படித் தெரிஞ்சுது?"

"அதைத்தான் கேக்கப் போறோம்."

சந்தையில் செசிலி சாளை மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ததேயுஸிடம் இரண்டு லட்சம் போட்டவள். ஆதிரா சீட்டைப் பற்றிக் கேட்டதும் கத்தியைத் தேய்ப்பதில் மும்முரமானாள்.

"அது எப்பமோ போச்சு மக்களே."

"எங்க போச்சு?" என்றார் சுயம்புராஜ். "நனைஞ்சுதா, தொலைஞ்சுதா? எலின்னு மட்டும் சொல்லாதம்மா, அதை இன்னொருத்தரு சொல்லிட்டாரு. புதுசா ஒண்ணு சொல்லு."

செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "வாக்குக் குடுத்திருக்கேன் சாரே. நல்லது செஞ்ச ஆளுக்குக் குடுத்த வாக்கு."

"அக்கா," என்றாள் ஆதிரா, "ரெனிஷைக் குழந்தையில இருந்து உங்களுக்குத் தெரியும். அவன் ஜெயில்ல கெடக்கான். அந்த வாக்கு அவனை வெளிய கொண்டு வருமா?"

செசிலி கத்தியைக் கீழே வைத்தாள். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மீன்பிடித் தடைக்காலத்துல சீட்டை வித்தேன். படகு எறங்காம மீனுக்கு என்ன செய்ய, வீட்டுல அரிசியே இல்ல. கபிரியேல் அண்ணன் வந்து நூத்துக்குப் பத்து தாரேன்னாரு. இந்தக் காயிதத்தை வச்சு நீ என்ன செய்ய, இதையாவது கையில வச்சுக்கன்னாரு. எனக்க ரெண்டு லட்சத்துக்கு இருபதாயிரம் தந்தாரு. எனக்கு மட்டுமில்ல, கேட்டவங்களுக்கெல்லாம் தந்தாரு. வெளிய சொல்லாண்டாம்னாரு. வலக்கை செய்யது இடக்கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதத்துல இருக்குல்லா."

ஆதிராவும் சுயம்புராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கபிரியேல் யாரென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரெனிஷின் தாய்மாமன். இந்த வழக்கை விசாரிக்க அவர்களுக்கு முன்பணம் கொடுத்ததே அவர்தான்.

*

கபிரியேலின் ஐஸ் கம்பெனி இனயத்தில் கடலுக்குப் போகும் சாலையில் இருந்தது. உள்ளே இயந்திரம் ஐஸ் பாளங்களை நொறுக்கும் சத்தம். கபிரியேல் வெளியே வந்து இருவருக்கும் நாற்காலி போட்டார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். கொலைக்குப் பிந்திய மூன்று வாரத்தில் இன்னும் மெலிந்திருந்தார்.

"எனக்க மருமகனை எப்ப விடுவாங்க மேடம்?" அதுதான் முதல் கேள்வி. நடிப்பில்லை. அவர் கண் கலங்கியதை ஆதிரா பார்த்தாள்.

"அதுக்குத்தான் அலையுறோம். ஊர்க்காரங்ககிட்ட இருந்து நீங்க சீட்டு வாங்கினது உண்டா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தலையாட்டினார். "செசிலிதானே சொன்னது? சரி, போகட்டும். வாங்கினேன் மேடம். பஹ்ரைன்ல ததேயுஸும் நானும் ஒரே ரூம்ல கெடந்தவங்க. பத்திரம் கெடக்க பேங்கு கணக்கு எங்க ரெண்டு பேரு பேருலயும்தான் இருக்கு. ஒருத்தனுக்கு ஒண்ணு ஆனா மத்தவன் பாக்கணும்னு அப்படி எழுதினோம். அப்ப பாதிப் பாவம் எனக்கும் உண்டுல்லா? நஷ்டப்பட்டதெல்லாம் நம்ம சனம். பத்து ரூவாயாவது கையில நிக்கட்டும்னு பாத்தேன்."

கேட்டவர் மனசு இளகும் பேச்சு. சுயம்புராஜுக்கே இளகியது. அந்த நேரம் கபிரியேலின் மனைவி குளோரி சாயா கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சுயம்புராஜ் சாயாவைக் குடிக்காமல் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடைக்காலத்துல கம்பெனி ஓடிச்சா முதலாளி?" என்று கேட்டார்.

"எங்க ஓட? நாட்டு வள்ளக்காரங்க கொஞ்சம் ஐஸ் எடுப்பாங்க. பாதி நாளு பூட்டித்தான் கெடந்து."

"செரி, செரி."

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கம் போனதும் அவர் வாய் திறந்தது. "மேடம், அந்தப் பொம்பளைக்க கழுத்தைப் பாத்தீங்களா? கல்யாணச் சங்கிலி தவிர ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. கையில பிளாஸ்டிக் வளையல். காதுல கம்மல் தொங்கின ஓட்டை மட்டும் நீளமா இருக்கு, கம்மல் இல்ல. கல்ஃப்ல கெடந்தவன் பொண்டாட்டி. ஐஸ் கம்பெனி முதலாளியம்மை."

"அடகு?"

"இருபது வருஷம் வசூலுக்குப் போயிருக்கேன். கடன் வாங்கிக் குடிச்சவனைப் பாத்திருக்கேன், கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணினவனைப் பாத்திருக்கேன், கடன் வாங்கி எலெக்‌ஷன்ல நின்னவனைக்கூடப் பாத்திருக்கேன். பொண்டாட்டிக்க கம்மலை அடகு வச்சுத் தருமம் பண்ணினவனை இன்னைக்குத்தான் பாக்கேன். ஒண்ணு இந்த ஆளு புனிதர். இல்லன்னா இது தருமம் இல்ல."

"புனிதராவும் இருக்கலாம் அண்ணாச்சி."

"இருக்கலாம். ஆனா புனிதருக்குச் செத்துப்போன காயிதம் எதுக்கு? பத்து ரூவாயைச் சும்மா குடுத்துட்டுப் போகலாம்லா. சீட்டை ஏன் எண்ணி வாங்கி வைக்கணும்?"

அந்தக் கேள்வி ஆதிராவைப் பிடித்துக்கொண்டது.

*

வியாகுலம்மாள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ரெனிஷின் அம்மா. கபிரியேலுக்கு அக்கா. கடல் புருஷனைக் கொண்டுபோனது, ஜெயில் மகனைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே ஆண் துணை தம்பிதான். வக்கீலுக்குக் கொடுத்தது அவன், சோற்றுக்குக் கொடுத்தது அவன். துப்பறிகிறவர்களை வைத்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது நாகர்கோவிலுக்கு அழைத்து வந்ததும் அவன்தான்.

"எனக்க மகன் வருவானா மக்களே?"

"வருவான்மா. ஒரு விஷயம் கேக்கணும். உங்க சீட்டு இருக்கா? இல்ல, அதையும் தம்பி வாங்கிட்டாரா?"

வியாகுலம்மாளின் முகம் சட்டென்று மாறியது. அதில் பழைய மனத்தாங்கல் ஒன்று தெரிந்தது.

"வாங்கல. நீங்க கேட்டதால சொல்லுதேன். ஊருல எல்லாவனுக்கும் குடுத்தான். குடிகாரனுக்குக் குடுத்தான், முன்னப்பின்ன தெரியாதவனுக்கும் குடுத்தான். கூடப் பொறந்தவளுக்கு மட்டும் குடுக்கல. எனக்கதையும் எடுத்துக்க தம்பி, ஐம்பதாயிரம் கிடைச்சா கூரையில ஓடு மாத்துவேன்னு கேட்டேன். உனக்கு வேண்டியது நான் தாரேன், சீட்டு கெடக்கட்டும்னான். மறுபடியும் கேட்டேன். ஏசினான்."

"ஏசினாரா?"

"ஒருநாளு எனக்கு வெறுத்துப் போச்சு. அவருக்க உயிரை வித்த பைசா, அதுவும் போச்சு, இந்தக் காயிதம் எதுக்கு வீட்டுலன்னு அடுப்புல போடப் போனேன். தம்பி அப்பத்தான் உள்ள வந்தான். பாஞ்சு வந்து எனக்க கையைப் பிடிச்சுப் பிடுங்கினான். மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சான். அக்கா, இதை விக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, யாரு கேட்டாலும் குடுக்கவும் கூடாதுன்னு எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினான்."

"எப்ப நடந்தது இது?"

"தடைக்காலம் தொடங்கின சமயம். ததேயுஸ் உயிரோட இருந்தான் அப்ப."

சுயம்புராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆதிராவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால், வலைகள் குவித்திருந்த மணலில் நின்று ஆதிரா பஹ்ரைனுக்குப் போன் போட்டாள். கல்லூரியில் கூடப் படித்த பிரிஜா அங்கே ஒரு வங்கியில் கடன்பத்திரப் பிரிவில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, இலங்கை டாலர் பத்திரம். 2022-ல நின்னுபோச்சே, அதோட இப்போதைய கதை என்ன?"

"கையில வச்சிருக்கியா? வச்சிருந்தா நீ தப்பிச்ச," என்றாள் பிரிஜா. "போன டிசம்பர்ல பேசி முடிச்சாச்சு. பழைய பத்திரத்தை வாங்கிட்டுப் புதுப் பத்திரம் குடுத்துட்டாங்க. அசல்ல கால்பங்குக்கு மேல வெட்டுதான். ஆனா நின்னுபோன வட்டிக்கும் பத்திரம் உண்டு. எல்லாம் சேர்த்து இன்னைக்கு வித்தா நூத்துக்கு அறுபது எழுபது வரும். டாலர் ஏறினதையும் கணக்குப் போட்டா, ரூபாயில போட்டவனுக்குப் பெரும்பகுதி கைக்கு வந்துரும்."

"நாடு திவால் ஆயிட்டுன்னா எல்லாம் போச்சுன்னுதான் இங்க நினைச்சிருக்காங்க."

"கம்பெனி திவாலானா பூட்டிட்டுப் போவான். நாட்டைப் பூட்ட முடியுமா? மறுபடியும் கடன் வேணும்னா பழைய கடன்காரங்ககிட்ட வந்து உக்காந்துதான் ஆகணும். நியூயார்க், லண்டன் ஆளுங்க இதுக்குன்னு ஒரு குழு சேர்ந்து, வக்கீல் வச்சுக் காத்திருந்து வாங்கினாங்க. பாதிப் பேரு பயந்து அடிமாட்டு விலைக்கு வித்துட்டுப் போனாங்க. அதை வாங்கினவன் கொழுத்தான். எப்பவும் இப்படித்தாண்டி."

போன் அணைந்தது.

ஒரு நாடு கவிழ்ந்தால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதே நாடு கடன்காரர்களோடு பேசி முடித்தால், பங்கு விலைப் பட்டியலுக்குக் கீழே, மீன் பொதிவதற்கு மட்டும் பயன்படும் பக்கத்தில் நாலு வரி வரும். லண்டன்காரனும் இனயத்து செசிலியும் ஒரே நாட்டுக்குத்தான் கடன் கொடுத்தார்கள். அவன் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தான். இவள் சந்தையில் இருந்தாள். அவளுடைய இரண்டு லட்சம் இருபதாயிரமாக முடிந்துபோனது, அதற்கு அவள் நன்றி வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க முதலாளி ஓடினப்ப," என்றார் சுயம்புராஜ் மெதுவாக, "நான் வித்திருந்தா எனக்க சீட்டையும் எவனாவது பத்துக்கு வாங்கியிருப்பான். அவன் திரும்பி வரல, அதனால நஷ்டம் இல்ல. இலங்கைக்காரனுக திரும்பி வந்துட்டானுக."

"வங்கியில இருந்து தகவல் முதல்ல யாருக்குப் போயிருக்கும்?"

"கணக்குல பேரு உள்ள ரெண்டு பேருக்கும்."

"ததேயுஸ் பூசை கழிஞ்சு ஊருக்குச் சொல்ல இருந்த காரியம் இதுதான் அண்ணாச்சி. பைசா வருது, எல்லாரும் சீட்டைக் கொண்டு வாங்கன்னு சொல்ல இருந்தாரு. மூணு வருஷம் வசவு வாங்கின மனுஷன், அன்னைக்குத்தான் தலை நிமிர்ந்து நிக்கப் போனாரு. நாம தலைகீழாப் பாத்துட்டோம். பைசா போச்சுன்னு யாரும் அவரைக் கொல்லல. பைசா திரும்பி வந்ததாலதான் கொன்னாங்க."

*

ஐஸ் கம்பெனியில் இயந்திரம் நின்றிருந்தது. ஈரத் தரையில் கபிரியேல் தனியாக ஒரு பாளத்தைக் கொட்டாப்புளி என்ற பெரிய மரச்சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நல்ல செய்தி," என்றாள் ஆதிரா. "வக்கீல் செலவுக்கு வழி கிடைச்சிருக்கு. நாகர்கோவில்ல ஒருத்தரு உங்க அக்காவோட சீட்டை நூத்துக்கு இருபது குடுத்து வாங்கிக்கிடுதேன்னாரு. விக்கச் சொல்லிட்டேன்."

கொட்டாப்புளி நின்றது. "கூடாது மேடம்."

"ஊரெல்லாம் பத்துக்கு வித்தாங்களே. இது ரெட்டிப்பு."

"கூடாதுன்னு சொல்லுதேன்லா. அது அத்தான் கடல்ல போனதுக்குக் கிடைச்ச பைசா. எனக்க அக்கா ஏமாறக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆதிரா அவரையே பார்த்தாள்.

"இருபதுக்கு வித்தா ஏமாத்துன்னா, பத்துக்கு வாங்கினதுக்கு என்ன பேரு?"

கபிரியேல் கொட்டாப்புளியைச் சுவரோரம் சாத்தி வைத்தார். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் பயத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது.

"கம்பெனி முங்கிக்கிட்டு இருந்து மேடம். ததேயுஸ் அந்தச் செய்தியை எனக்கிட்டதான் முதல்ல காட்டினான். புதுப் பத்திரம் கணக்குல ஏறி, விக்கலாம்னு வரட்டும், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதடேன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். அந்த இடைவெளியில வாங்கினேன். கம்மல், வளையல், கம்பெனி நெலத்துக்க ஆதாரப் பத்திரம், எல்லாத்தையும் அடகு வச்சு வாங்கினேன். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குப் பூசை கழிஞ்சு மைக்குல சொல்லுவேன், வாங்கின சீட்டெல்லாம் திருப்பிக் குடுன்னான். திருப்பிக் குடுத்தா நான் நடுத்தெருவுல நிக்கணும். பேசத்தான் இஞ்ச கூப்பிட்டேன். கர்த்தர் அறிய, பேசத்தான் கூப்பிட்டேன்."

சுயம்புராஜ் சுவரோரம் இருந்த கொட்டாப்புளியைப் பார்த்தார். கபிரியேலும் அதைப் பார்த்தார்.

"ரெனிஷ் அன்னைக்குத் ததேயுஸுக்க சட்டையைப் பிடிச்சது எனக்குத் தெரியாது மேடம். காலையில அவனைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்பத்தான் தெரியும். அன்னையில இருந்து நான் உறங்கல. பெரிய வக்கீலா வச்சிருக்கேன். சாட்சி இல்ல, நிக்காது, விட்டுருவாங்கன்னு சொல்லியிருக்காரு. கொஞ்சம் பொறுத்தா அவனும் வந்துருவான், நானும் இருப்பேன். அக்காவுக்கு ரெண்டு பேரும் வேணும்லா."

"சொந்தக் காசுல சூனியம் வைக்கதுன்னு கேட்டிருக்கேன்," என்றார் சுயம்புராஜ். "எங்களுக்கு நீரு குடுத்த அட்வான்ஸ் அதுதான் ஓய்."

அவர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"ரெனிஷ் வர மாட்டான்," என்றாள் ஆதிரா. "சண்டையைப் பாத்தவங்க ஊரு நிறைய இருக்காங்க. நீங்களே ஸ்டேஷனுக்கு வாங்க. அது உங்களுக்கும் நல்லது."

கபிரியேல் மறுத்துத் தலையசைத்தார். "நான் வரல. இஞ்ச பேசினது இஞ்ச போச்சு. நான் சீட்டு வாங்கினது தருமம்னு ஊரே சொல்லும். பைசா வரும்னு எனக்கு முன்னமே தெரியும்னு யாரு சொல்லுவா?"

"உங்க அக்கா சொல்லுவாங்க."

முதல் முறையாக அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா சொல்ல மாட்டா. எனக்க அம்மை சாவையில எனக்கு நாலு வயசு. அவளுக்க இடுப்புல இருந்துதான் நான் கடலையே பாத்தேன். நீங்க வேணும்னா கேட்டுப் பாருங்க."

*

ஆதிரா துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். வியாகுலம்மாள் வீட்டுக் கதவைத் தாண்டத்தான் அவளுக்குக் கால் வரவில்லை. இதை இந்தப் பெண்ணிடம் கேட்பது பாவம். கேட்காமல் போவது அதைவிடப் பாவம். சுயம்புராஜ் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

வியாகுலம்மாள் அடுக்களையில் இருந்தாள். ஆதிரா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். நாடு கடனை மறுபடி எழுதிக் கொடுத்ததை, பத்திரம் உயிர்த்ததை, கம்மல் அடகு போனதை, ததேயுஸ் ஐஸ் கம்பெனிக்குப் போனதை. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அதை வியாகுலம்மாள் இறக்கி வைக்கவில்லை.

"நான் காலையில உங்ககிட்ட சொன்னேனே," என்றாள் கடைசியில், "எனக்கு மட்டும் குடுக்கலன்னு. அது வச்சா கண்டுபிடிச்சிய?"

"ஆமாம்மா."

"நான் தம்பி மேல உள்ள பரிபவத்துல, மனசு நொந்து சொன்னதாக்கும் அது."

"தெரியும்மா."

"இனி நான் அதைப் போலீசுல சொன்னா எனக்க மகன் வருவானா?"

"சொன்னா ஐஸ் கம்பெனியைச் சோதனை போடுவாங்க. வங்கித் தகவலை வரவழைப்பாங்க. ரெனிஷ் வந்துருவான்."

"தம்பி?"

ஆதிரா பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பினாள். வியாகுலம்மாளும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதாள். புருஷன் போனபோது ஊரே கூடி அழுதது. இந்த அழுகையில் சேர்ந்து அழ யாரையும் கூப்பிட முடியாது. மகனுக்காக அழுதால் தம்பியை விற்றவள், தம்பிக்காக அழுதால் மகனைக் கொன்றவள். அப்படி ஒரு இடத்தில் அவளைக் கொண்டு நிறுத்தியது எங்கோ யாரோ போட்ட கையெழுத்து என்று நினைக்க ஆதிராவுக்கு ஆத்திரமாக வந்தது. கோபித்துக்கொள்ள எதிரே ஒரு ஆள்கூட இல்லை.

அழுகை ஓய வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உலையை இறக்கி வைத்தாள்.

"எழுதிக்க மக்களே. நான் கைநாட்டு வைக்கேன்."

ஆதிரா பேனாவை எடுத்தாள்.

"எனக்க சீட்டை விக்கக் கூடாதுன்னு தம்பி சொன்னான். எரிக்கப் போனப்ப பிடுங்கி வச்சான். ததேயுஸ் சாவதுக்கு முன்னாலயாக்கும் அது. எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்."

ஆதிரா எழுதி முடித்துத் தாளை நீட்டினாள். வியாகுலம்மாள் கட்டை விரலை நீட்டிவிட்டு, வைக்காமல் நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அவன் அப்படிச் சொன்னது எனக்க மேல உள்ள பாசத்துல. அதையும் எழுது."